இயற்கை மருத்துவம்: வீட்டிலிருந்தே படித்தால் போதுமா?

மார்ச் 2, வாசகர் கேள்வி

வேலையை விட முடியாது. ஆனால் பாரம்பரிய இயற்கை மருத்துவத்தை முறையாகப் படிக்க ரொம்ப நாளாக ஆசை. தொலைநிலைக் கல்வியில் ஆறு மாதம், ஒரு வருடம், நான்கு வருடம் என்று வகைவகையாக இருக்கிறது. "வீட்டிலிருந்தே இயற்கை மருத்துவர் ஆகுங்கள்" என்கிறார்கள். தண்ணீர், மண், வெயில், உண்ணாநோன்பு, இவ்வளவுதானே? மருந்து இல்லை, ஊசி இல்லை, கத்தி இல்லை. இதற்கு எதற்கு நேரில் போய் உட்கார வேண்டும்? படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 3

நான் படித்திருக்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே, தொலைநிலையில்தான். தாராளமாகப் படிக்கலாம். அதை வைத்துக்கொண்டு அடுத்தவர் உடம்பில் கை வைக்கலாமா என்பது வேறு கேள்வி.

மார்ச் 3, இரவு

"இப்படி இரண்டு வரியில் மழுப்பினால் எப்படி அக்கா?" என்று கேட்டாயிற்று. சரி, விரிவாகவே சொல்கிறேன்.

என் பாடத்திட்டத்தில் உடற்கூறு, உடலியங்கியல், இயற்கை மருத்துவத்தின் வரலாறும் தத்துவமும், உணவு முறை, நீர் சிகிச்சை, மண் சிகிச்சை, உண்ணாநோன்பு, மசாஜ், மூலிகை எல்லாம் இருந்தன. கடைசியில் கருவிழியைப் பார்த்து நோய் சொல்வதும் ஹோமியோபதி அறிமுகமும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இந்தக் கடைசி இரண்டும் எதற்கு என்று அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. கருவிழியைப் பிறகு பார்ப்போம்.

உடற்கூறும் உடலியங்கியலும் வீட்டில் படிக்க நன்றாகவே ஒத்துவரும். சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது, சர்க்கரை ஏறினால் கணையம் என்ன செய்கிறது, தோலுக்கடியில் இருக்கும் ரத்தக்குழாய் ஏன் குளிரில் சுருங்கி வெந்நீரில் விரிகிறது, இதற்கெல்லாம் வகுப்பறை தேவையில்லை. இதயத்தின் படம் ஒன்றைச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். நான்கு அறைகளும் வால்வுகளும் மனப்பாடமானது அங்கே நின்றுதான். வகுப்பில் ஒரு தடவை காதில் விழுவதை வீட்டில் எத்தனை தடவை வேண்டுமானாலும் புரட்டலாம்.

தத்துவமும் அப்படியே. உடம்புக்குத் தன்னைச் சீர்செய்துகொள்ளும் ஆற்றல் உண்டு, அதற்கு வழிவிடுவதே வைத்தியரின் வேலை என்பதைப் புத்தகத்தோடு உட்கார்ந்து ஏற்கலாம், மறுக்கலாம், ஓரத்தில் பென்சிலால் சண்டையும் போடலாம்.

சிக்கல் தொடங்கியது நீர் சிகிச்சைப் பாடத்தில். "துணியை நன்றாகப் பிழிந்து வயிற்றைச் சுற்றிக் கட்டவும்" என்று ஒரு வரி. நன்றாக என்றால் எவ்வளவு? எழுதிக் கேட்டேன். "பாடப்பகுதி நான்கைப் பார்க்கவும்" என்று பதில் வந்தது. அந்த வரி இருந்ததே பகுதி நான்கில்தான்.

மார்ச் 5

மருந்து இல்லை, ஊசி இல்லை, அப்புறம் என்ன என்கிற நினைப்புதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இதை விட்டுவிட்டு மேலே பேச முடியாது.

சூடான பாதக் குளியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி, 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெந்நீர், உடம்பைச் சுற்றிப் போர்வை, தலையில் ஈரத்துணி. இதைவிட எளிய சிகிச்சை கிடையாது. ஆனால் நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போயிருந்தால் அந்தக் காலுக்குச் சூடு தெரியாது. "சூடு தாங்குகிறதா?" என்று கேட்டால், "இதமாக இருக்கிறது" என்பார், பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் இருக்கும். காலை வெளியே எடுத்தால் கொப்புளம். ரத்த ஓட்டமும் குறைந்த கால் என்றால் அந்தப் புண் எளிதில் ஆறாது. விரலை எடுக்கும் வரைக்கும் போகலாம். ஒரு வாளி வெந்நீருக்கு இவ்வளவு வலு உண்டு.

உண்ணாநோன்பு இன்னும் சிக்கல். இன்சுலின் போடுகிறவரோ, கணையத்தைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை சாப்பிடுகிறவரோ, மருந்தை வழக்கம்போலத் தொடர்ந்துகொண்டு சாப்பாட்டை மட்டும் நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை சரிந்து மயக்கம், வலிப்பு வரை போகும். அடுத்த ஆபத்து நோன்பை முடிக்கும் இடத்தில். பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் மாவுச்சத்து திடீரென்று போனால் இன்சுலின் ஏறும். ரத்தத்தில் இருக்கிற பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் செல்லுக்குள் இழுபட்டுப் போகும். இதயத் துடிப்பு தாறுமாறாகும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்துபோனார்கள். காரணம் இதுதான். நோன்பை நீர்த்த சாறு, பிறகு பழம் என்று மெல்ல மெல்ல முடிக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் வற்புறுத்தியதில் அர்த்தம் இருக்கிறது.

இவை இரண்டும் என் பாடப் புத்தகத்தில் இருந்தனவா? இருந்தன. "சர்க்கரை நோயாளிகள் கவனமாக இருக்கவும்" என்று ஒரு வரி.

மார்ச் 5, கொஞ்சம் கழித்து

எனிமாவை விட்டுவிட்டேன் என்று நினைவூட்டியவருக்கு: சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்களும் இருப்பார்கள். இன்னொரு நாள்.

மார்ச் 8

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று என் படிப்பை ஒரே வரியில் முடித்துவைத்திருக்கிறார் ஒரு பெரியவர். ஐயா, கோபிக்க வேண்டாம். இந்த மருத்துவத்தில் பாதி ஏட்டிலிருந்து வந்ததுதான்.

செபாஸ்டியன் க்னைப் (1821–1897) பவேரியாவில் ஒரு நெசவாளியின் மகன். பாதிரியார் ஆகப் படிக்கும்போது நுரையீரல் நோய் வந்தது. காசநோய் என்றே எல்லோரும் நினைத்தார்கள். யோஹான் ஸிக்மண்ட் ஹான் என்ற மருத்துவர் குளிர்ந்த நீரின் பயன் பற்றி முந்தைய நூற்றாண்டில் எழுதிய புத்தகம் ஒன்று அவர் கையில் சிக்கியது. படித்துவிட்டு 1849 குளிர்காலத்தில் தில்லிங்கன் அருகே டான்யூப் ஆற்றில் போய் முங்கினார். பக்கத்தில் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இறந்தே எழுபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இதைவிடத் தொலைவான தொலைநிலைக் கல்வி உண்டா?

பிழைத்துக்கொண்டார். பிறகு வோரிஸ்ஹோஃபன் என்ற சிற்றூரில் பாதிரியாராக இருந்துகொண்டே ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினார். அவரிடம் குணமடைந்த பெனடிக்ட் லஸ்ட் இந்த முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் 1901-ல் நியூயார்க்கில் இதற்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே இயற்கை மருத்துவம் என்று இன்று சொல்லப்படுவதன் தொடக்கம் அது.

ஆனால் பெரியவர் சொன்னதை முழுக்கத் தள்ளவும் முடியாது. க்னைப் ஏட்டிலிருந்து எடுத்ததைத் தன் உடம்பில் போட்டுப் பார்த்தார். பிறகு வாழ்நாள் முழுக்க ஆட்களைப் பார்த்துப் பார்த்துத் தன் முறையை மாற்றிக்கொண்டே வந்தார். தொடக்கத்தில் இருந்த கடுங்குளிர் முறைகள் வயதாக ஆக மென்மையாயின. அந்த மாற்றம் எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்திருக்காது.

மார்ச் 9

"காந்தி டாக்டரைத் தள்ளிவைத்துவிட்டு மகனுக்குத் தண்ணீர் வைத்தியம் பார்க்கவில்லையா?" என்று கேட்கிறார்கள். பார்த்தார், ஆனால் டாக்டரைத் தள்ளிவைக்கவில்லை. தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.

1902, பம்பாய். மகன் மணிலாலுக்குப் பத்து வயது. டைஃபாய்டு, கூடவே நிமோனியா. டாக்டர் முட்டையும் கோழிச் சாறும் கொடுக்கச் சொன்னார். காந்தி அதை மட்டும் மறுத்துவிட்டு ஜெர்மானிய நீர் வைத்தியர் லூயி கூனே சொன்ன இடுப்புக் குளியலைக் கொடுத்தார், தொட்டியில் மூன்று நிமிடத்துக்கு மேல் வைக்காமல். தண்ணீர் கலந்த ஆரஞ்சுச் சாறு மட்டுமே உணவு. ஆனால் அதே டாக்டரிடம் அவர் கேட்டுக்கொண்டது இது: எனக்கு நாடி, மார்பு, நுரையீரல் பார்க்கத் தெரியாது, நீங்கள் அவ்வப்போது வந்து பார்த்து நிலைமையைச் சொல்லுங்கள்.

புத்தகம் படித்து வைத்தியம் பார்க்கிறவர் தனக்குத் தெரியாதது எது என்று சரியாகத் தெரிந்துவைத்திருந்த இடம் அது. காய்ச்சல் 104 வரை போனது. ஈரத் துப்பட்டியைப் பிழிந்து பிள்ளையைச் சுற்றி, மேலே இரண்டு கம்பளி போர்த்தி, தலையில் ஈரத்துண்டு போட்டார். வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை தேறியது கடவுள் அருளாலா, நீர் சிகிச்சையாலா, பத்தியத்தாலும் கவனிப்பாலுமா என்று யார் சொல்ல முடியும் என்று அவரே கேட்டும் வைத்திருக்கிறார். நம் விளம்பரக்காரர்கள் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

1924 ஜனவரியில் அவருக்குக் குடல்வால் அழற்சி வந்தபோது புனேயில் சாசூன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைதான் செய்தார்கள். மண் பட்டி போட்டுக்கொண்டு படுத்திருக்கவில்லை.

மார்ச் 12

பிழிவது எவ்வளவு என்று ஒருவர் விடாமல் கேட்கிறார். இதை எழுத்தில் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு எழுத்தில் சொல்லப் பார்க்கிறேன்.

படிப்பின் கடைசியில் ஒரு நேரடிப் பயிற்சி முகாம் இருந்தது. விருப்பம் இருந்தால் வரலாம் என்று போட்டிருந்தார்கள்; பாதிப் பேர் வரவில்லை. சிகிச்சை மையம் ஒன்றில் காலமெல்லாம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா சொல்லிக்கொடுத்தார். பாடப் புத்தகம் எதையும் அவர் திறக்கவில்லை.

முதலில் அவர் பார்த்தது பாதம். வயிற்றுக்கு ஈரத்துணிப் பட்டி போட வந்தவர் பாதத்தை எதற்குத் தொடுகிறார் என்று நாங்கள் விழித்தோம். பாதம் சில்லென்று இருந்தால் குளிர்ந்த சிகிச்சை எதுவும் தொடக்கூடாது, முதலில் அதைச் சூடாக்கு என்றார். குளிர்ந்த துணி பட்டதும் உடம்பு தன் ரத்தத்தை அந்த இடத்துக்கு அனுப்பிச் சூடாக்க வேண்டும். ஏற்கெனவே குளிர்ந்து சுருங்கிக் கிடக்கிற உடம்பால் அது முடியாது.

பிறகு துணி. நாங்கள் முறுக்கிக் கொடுத்ததை வாங்கி இன்னொரு முறுக்கு முறுக்கினார். அதிலிருந்து ஒரு கை தண்ணீர் வந்தது. தரைக்கு மேலே தூக்கிப் பிடித்து, சொட்டாமல் இருக்கிறதா என்று பார்த்தார். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் நிற்கக் கூடாது. அதற்கு மேல் கம்பளி. ஈரத்துணி எந்தப் பக்கமும் வெளியே எட்டிப் பார்க்காமல் மூட வேண்டும். கட்டி முடித்ததும் மேல் ஓரத்தில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். விரல் சுலபமாகப் போனால் காற்றும் போகும். காற்று போனால் துணி சூடேறாது. இறுக்கினால் மூச்சு முட்டும். அந்த நடு அளவுக்கு எங்களில் ஒருத்தி கட்டியதை அவர் மூன்று முறை அவிழ்த்தார்.

சில நிமிடத்தில் சில்லிப்பு போய் இதமாக வேண்டும். 15, 20 நிமிடம் ஆகியும் குளிர்ந்தே இருந்தால் அது சிகிச்சையே இல்லை. அவிழ்த்து, துடைத்துத் தேய்த்து, போர்த்திவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்பது கூடாது என்று அந்த அம்மா அடித்துச் சொன்னார்.

இவ்வளவையும் ஒரு காணொளியில் காட்டலாமே என்பீர்கள். காட்டலாம், விரலை நுழைப்பது வரைக்கும். அந்த விரலுக்குத் தெரிவதைக் காட்ட முடியாது.

மார்ச் 13

இல்லை, நான் படித்த இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தனிச்செய்தியிலும்தான்.

மார்ச் 15

"சான்றிதழ் செல்லுமா?" எங்கே, எதற்கு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2010-ல் இயற்கை மருத்துவப் பயிற்சிக்கு ஓர் அளவுகோல் வெளியிட்டது. குறைந்தது 1,500 மணி நேரப் படிப்பு, அதில் 400 மணி நேரத்துக்குக் குறையாமல் மேற்பார்வையோடு நோயாளிகளிடம் பயிற்சி. உங்கள் கையில் இருக்கிற விளம்பரத்தில் அந்த 400 எங்கே என்று தேடுங்கள். என் படிப்பில் முகாம் முழுவதையும் கூட்டினாலும் பக்கத்தில் வராது.

அமெரிக்காவில் இரண்டு பிரிவு. உரிமம் பெற்ற இயற்கை மருத்துவர்கள் ஒரு பக்கம். 1978-ல் தொடங்கிய இயற்கை மருத்துவக் கல்விக் கவுன்சில் அங்கீகரித்த கல்லூரியில் நான்கு வருடம் நேரில் படித்துத் தேர்வு எழுதியவர்கள். குறைந்தது 4,100 மணி நேரம், அதில் 1,200 நோயாளிகளோடு. பாரம்பரிய இயற்கை வைத்தியர்கள் இன்னொரு பக்கம். தொலைநிலைப் படிப்புகள் பெரும்பாலும் உருவாக்குவது இவர்களை. நோயைக் கண்டுபிடிப்பதும் தீர்ப்பதும் தங்கள் வேலை இல்லை, வாழ்க்கை முறையைச் சொல்லிக்கொடுப்பதே வேலை என்பது இவர்கள் தாங்களே போட்டுக்கொண்ட எல்லை. சில மாநிலங்களில் உரிமம் இல்லாமல் இயற்கை மருத்துவர் என்று பெயர் போட்டுக்கொண்டாலே வழக்கு வரும்.

இந்தியாவில் யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி மருத்துவப் படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தவே கூடாது. பி.என்.ஒய்.எஸ். என்கிற இயற்கை மருத்துவ, யோகா இளநிலைப் பட்டம் பயிற்சி மருத்துவராக இருக்கும் ஒரு வருடமும் சேர்ந்து ஐந்தரை வருடம், கல்லூரிக்குப் போய்ப் படிப்பது. ஆக, அங்கே தபாலில் வரும் எந்தத் தாளும் உங்களை மருத்துவர் ஆக்காது. அந்தத் தாளில் எவ்வளவு பெரிய தங்க முத்திரை இருந்தாலும் சரி.

"அங்கீகாரம் பெற்றது" என்று போட்டிருந்தால் யாருடைய அங்கீகாரம் என்று கேளுங்கள். பதில் வந்ததும் அந்த அமைப்பை யார் அங்கீகரித்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில் பேச்சு நின்றுவிடும். அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் கிளேட்டன் இயற்கை நலக் கல்லூரி என்று ஒன்று இருந்தது. முழுக்கத் தொலைநிலை, பெரிய பெயர், அரசு ஏற்கும் அங்கீகாரம் கிடையாது. 2010-ல் மூடிவிட்டார்கள். நடுவில் படித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவிலேயே நின்றார்கள்.

மார்ச் 16

"ஜெர்மனியில் யார் வேண்டுமானாலும் வீட்டில் படித்து வைத்தியர் ஆகலாம், நாம்தான் பின்தங்கியிருக்கிறோம்" என்ற கருத்துக்கு ஒரு திருத்தம்.

ஹைல்பிராக்டிக்கர் என்ற பெயரில் அங்கே மருத்துவர் அல்லாத வைத்தியர்கள் உண்டு. 1939-ம் வருடச் சட்டம். இன்ன கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, தொலைநிலையில் படித்தும் தயாராகலாம். அதுவரை சரி. ஆனால் 25 வயது முடிந்திருக்க வேண்டும், சுகாதார அலுவலகத்தில் தேர்வு எழுத வேண்டும். 60 கேள்விகளில் 45-க்காவது சரியான விடை. பிறகு நேரில் வாய்மொழித் தேர்வு.

அந்தத் தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்பதுதான் முக்கியம். மண் பட்டியை எத்தனை நிமிடம் வைப்பது என்று கேட்பதில்லை. எந்த அறிகுறி மாரடைப்பு, எந்தத் தொற்றுநோயை நீ தொடவே சட்டத்தில் இடமில்லை, எந்தத் தலைவலிக்காரரை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், இவைதான். உன் கையில் வருகிறவருக்கு உன்னால் ஆபத்து வருமா என்று மட்டும் அரசு பார்க்கிறது. சிகிச்சை முறை உன் பாடு.

இதைப் படித்த பிறகு என் பாடப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். எதற்கு என்ன செய்வது என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள். எப்போது எதுவும் செய்யாமல் அனுப்பிவைப்பது என்பதற்குத் தனியாக ஓர் அத்தியாயம்கூட இல்லை. தொலைநிலையின் குறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, பாடத்திட்டத்தின் குறை. இந்தப் பகுதியை வீட்டில் உட்கார்ந்தே அருமையாகப் படிக்கலாம், யாராவது எழுதிக் கொடுத்திருந்தால்.

மார்ச் 21

கருவிழி. பிறகு பார்ப்போம் என்று சொல்லியிருந்தேன்.

19-ம் நூற்றாண்டில் ஹங்கேரியைச் சேர்ந்த இக்னாஸ் பெட்செலி தொடங்கிவைத்தது. கருவிழியின் ஒவ்வொரு பகுதியும் ஓர் உறுப்பைக் காட்டும் என்பார்கள். கலர் படமெல்லாம் போட்ட அழகான பாடம். வீட்டில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து படிக்கலாம். தொலைநிலைக்கு அவ்வளவு பொருத்தம். ஒரே குறை, அது வேலை செய்வதில்லை. 1979-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு சோதனை வந்தது. சிறுநீரக நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று 143 பேரின் கருவிழிப் படங்களை இந்தக் கலை தெரிந்தவர்களிடம் கொடுத்தார்கள். யாருக்கு நோய் என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இதைவிட மோசம் 'குணமாகும் நெருக்கடி' என்ற பாடம். சிகிச்சை தொடங்கியதும் காய்ச்சல், வாந்தி, தோலில் தடிப்பு வந்தால் உடம்பு கழிவை வெளியே தள்ளுகிறது, பயப்படாதே என்கிறது. முதல் நாள் நோன்பில் வரும் தலைவலிக்கு இது பொருந்தலாம். காப்பியை நிறுத்தினாலே தலை வலிக்கும். ஆனால் எது அந்த நெருக்கடி, எது நோய் முற்றுவது என்று பிரிக்க ஓர் அளவும் புத்தகத்தில் இல்லை. எல்லாம் நல்லதற்கே என்று சொல்லும் பாடத்தைப் பக்கத்தில் ஆளில்லாமல் படித்தவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? தேர்வில் இதற்கு நான் எழுதியது முழு மதிப்பெண் வாங்கியது. அந்தத் தாளை இப்போது எடுத்துப் பார்க்கக் கூசுகிறது.

மார்ச் 22

சண்டைக்கு வராதீர்கள். கண்ணைப் பார்த்துக் காமாலையைச் சொல்வது வேறு. அது கருவிழி இல்லை, வெள்ளை விழி. அதை எல்லா டாக்டரும் பார்ப்பார்கள்.

மார்ச் 29

செவிலியர் ஒருவர் நியாயமான ஓர் இடைவெட்டு வெட்டியிருக்கிறார். உடற்கூறு வீட்டில் படிக்க ஒத்துவரும் என்று எழுதினீர்களே, உடம்பையே தொடாமல் என்ன உடற்கூறு என்று.

யோசித்துப் பார்த்தேன். பெயர்களும் இயக்கமும் வீட்டில் வரும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் படத்தில் இருக்கிற நாடி தொட்டால் அங்கே இருப்பதில்லை. பாதத்தின் மேற்புறம் ஓடும் நாடி புத்தகத்தில் சிவப்புக் கோடாகப் பளிச்சென்று இருக்கிறது. காலில் தேடினால் ஒருவருக்குச் சட்டென்று கிடைக்கிறது, இன்னொருவருக்கு விரலை நகர்த்தி நகர்த்தி, அழுத்தத்தைக் குறைத்தால் கிடைக்கிறது. நல்ல ஆரோக்கியமானவர்களிலும் சிலருக்குக் கையில் சிக்குவதே இல்லை. பலருடைய காலைத் தொட்டிருந்தால்தான் இந்தக் கால் சந்தேகப்பட வேண்டிய காலா என்று தெரியும். பாதக் குளியலுக்கு முன்னால் பார்க்க வேண்டியது இதுதான்.

கூடவே நைலான் இழைச் சோதனை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த ஒரு மெல்லிய இழை. கண்ணை மூடச் சொல்லி, பாதத்தின் அடியில் சில இடங்களில் இழை வளையும் வரை தொட்டு, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தக் காலை வெந்நீரில் வைக்கக் கூடாது. இதைச் செய்ய ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். என் பாடத்தில் இருந்தே இருக்காது என்று நினைக்கிறீர்களா? சரிதான், இல்லை. பிறகு வார இறுதிகளில் ஒரு மருத்துவரின் கீழ் சிகிச்சை மையத்தில் உதவியாளராகப் போனபோது கற்றது.

நான் என்ன செய்கிறேன் என்று பலர் கேட்டதற்கும் இதுவே பதில். பலகை மாட்டவில்லை, பெயருக்கு முன்னால் எதுவும் போடவில்லை. இன்னும் உதவியாளர்தான். படித்தது வீணா என்றால், இல்லை. அங்கே அவர் ஒன்றைச் செய்யும்போது ஏன் செய்கிறார் என்று எனக்குப் புரிகிறது. படிக்காமல் போயிருந்தால் வாளி தூக்கிக்கொண்டிருந்திருப்பேன்.

ஏப்ரல் 4

முதலில் கேட்டவர் இரண்டு படிப்புகளைத் தேர்ந்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார். ஒன்றில் நேரடிப் பயிற்சி கட்டாயம், இன்னொன்றில் விருப்பம். தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கட்டாயம் என்று இருப்பதில் சேருங்கள். கட்டாயமில்லை என்றால் வேலை, காய்ச்சல், உறவினர் கல்யாணம் என்று தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

சேர்வதற்கு முன்னால் ஒரு மாதிரிப் பாடம் கேட்டு வாங்குங்கள், உண்ணாநோன்புப் பாடமாகப் பார்த்து. அதில் யாருக்கு நோன்பு கூடாது என்று எத்தனை பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். கர்ப்பிணி, பால் கொடுப்பவர், இன்சுலின் போடுபவர், உடல் மெலிந்தவர், சாப்பாட்டுக் கோளாறு இருந்தவர் எல்லோரும் அதில் பெயரோடு வந்தால் எழுதியவருக்கு ஆட்களைப் பார்த்த அனுபவம் இருக்கிறது. "மருத்துவரை ஆலோசிக்கவும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அடுத்ததைப் பாருங்கள்.

தேர்வு எப்படி என்றும் கேளுங்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வா, யாராவது எதிரில் உட்கார்ந்து ஒரு நோயாளியின் கதையைச் சொல்லி "இப்போது என்ன செய்வாய்?" என்று கேட்கும் தேர்வா? இரண்டாவது வகை இணையத்தில்கூட நடத்தலாம். நடத்துகிறவர்கள் குறைவு.

உங்களுக்கும் வீட்டுக்கும் மட்டும் என்றால் நான்கு வருடப் படிப்பு எல்லாம் வேண்டாம். குறுகியதே போதும். மிச்ச நேரத்தில் முதலுதவிப் பயிற்சி ஒன்று நேரில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 9

எனிமா எங்கே என்கிறவருக்கு: மறக்கவில்லை, தள்ளிப்போடுகிறேன்.

அதிமதுரம் பற்றிக் கேட்டவருக்கு: ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் தினமும் அதிமதுரக் கஷாயம் குடிப்பது நல்லதல்ல. அதில் இருக்கும் கிளைசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். இருமலுக்கு ஒரு நாள் வாயில் போட்டு மெல்வதைச் சொல்லவில்லை, வாரக்கணக்கில் குடிப்பதைச் சொல்கிறேன். உங்கள் மூலிகைப் பாடத்தில் இது இல்லை என்றால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.